நிதானம் அக்காவின் இரண்டு ஆபரேஷன்கள்

ரயில் நிலையத்தில் கிளம்பி, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவளுக்கு டிப்போவில் வைத்திருந்த பெயர் நிதானம். கேலியாகத்தான் வைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்தால் மற்ற டிரைவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். இவள் பிரேக்கை மிதிப்பாள். ஊன்றுகோலோடு ஒருவர் தெருமுனையில் கையை ஆட்டினால், அவர் வந்து ஏறி, உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் வண்டி நகராது. "நிதானம் வண்டியா? அப்போ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டே வரலாம்" என்று ஷெட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியும் அவள் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை.

கட்டியைக் காட்டிக்கொடுத்தது சீட் பெல்ட்தான். கடைத்தெரு வளைவில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே புகுந்தார், அவள் பிரேக்கை அழுத்தினாள், பெல்ட் இறுகியது. இடது மார்பின் மேல்பக்கத்தில் ஏதோ உறுத்தியது. சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவாக இருக்கும் என்று எண்ணி, அடுத்த நிறுத்தத்தில் அதை எடுத்து டேஷ்போர்டில் வைத்தாள். அடுத்த பிரேக்கிலும் உறுத்தியது. பையைத் துழாவினாள். பை காலி.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் தொட்டுப் பார்த்தாள். தோலுக்கு அடியில் கெட்டியாக, நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி ஒன்று இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் அதை நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிப்போட முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே கணவனிடம் சொன்னாள். ஏதோ குழாய் ஒழுகுவதைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

கணவன் பிரிட்ஜ் மெக்கானிக். வாய் ஓயாத மனிதன். ஒரு வீட்டுக்குப் பிரிட்ஜ் பார்க்கப் போனால், கம்ப்ரெஸரைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டுக்காரரின் மூன்று தலைமுறைக் கதை அவனுக்கு வந்து சேர்ந்துவிடும். உலகத்தில் எந்த வியாதியைச் சொன்னாலும் அது வந்து பிழைத்த ஒரு வாடிக்கையாளர் அவனிடம் இருப்பார். அன்றைக்கு அவன் கதை எதுவும் சொல்லவில்லை. துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, "நாளைக்கே போயிடலாம்" என்றான். அவன் தங்கைக்கு இப்படி ஒரு கட்டி வந்து போயிருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை.

எத்தனையோ வருடமாக அவள் நோயாளிகளை இறக்கிவிட்ட அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போனாள். மார்பைத் தட்டையாக அழுத்திப் படம் எடுத்தார்கள். ஜெல் தடவி ஸ்கேன் செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு தடித்த ஊசியால் கட்டியிலிருந்து இம்மியளவு சதையை எடுத்தார்கள். அந்த ஊசி டிக்கெட் மெஷின் மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவள் தன்னையறியாமல், "சில்லறை இருக்கா?" என்றாள். நர்ஸ் சிரித்தபோது அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

முடிவைச் சொன்ன டாக்டர் ஒரு பெண்மணி. குட்டை முடி, தடித்த கண்ணாடி, மேஜை மேல் ஆறிப்போன காபி. சுற்றி வளைக்கவில்லை.

"இது புற்றுநோய்தான்மா. ஆனா ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம்."

நிதானம் எழுந்து நின்றுவிட்டாள். எதற்கு நின்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எடுத்துடுங்க டாக்டர். முழுசா எடுத்துடுங்க. நாளைக்கே வேணும்னாலும் வர்றேன்."

"முதல்ல உக்காருங்க."

"லீவு சொல்லிடறேன். நாளைக்கு வேற யாராவது வண்டியை எடுப்பாங்க."

"நாளைக்கு வேண்டாம். நாளைக்கு உங்களுக்கு வேற வேலை இருக்கு. யோசிக்கற வேலை" என்றார் டாக்டர். "உக்காருங்கம்மா. இது ஓடிப் பிடிக்கற பஸ் இல்ல. ரெண்டு மூணு வாரம் யோசிச்சீங்கன்னா ஒண்ணும் கெட்டுப்போகாது."

அவள் உட்கார்ந்தாள். தன்னைப் பார்த்து ஒருவர் அவசரப்படாதே என்று சொல்வதை வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்கிறாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார். "கட்டி சின்னது, ஒரு திராட்சைப்பழம் அளவு. அக்குளுக்குப் பரவின மாதிரி ஸ்கேன்ல தெரியல. ஹார்மோனைத் தின்னு வளர்ற வகை, அதனால அதைப் பட்டினி போட மாத்திரை இருக்கு. இதெல்லாம் நமக்கு நல்ல சேதி. இப்போ ஆபரேஷனுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுக்கறது. மார்பு இருக்கும். ஆனா அதுக்கப்புறம் சில வாரம் விடாம வந்து ரேடியேஷன் எடுத்துக்கணும். அதை விட்டுட்டா இந்த வழி அரைகுறை. இன்னொண்ணு, மார்பை முழுசா எடுக்கறது. உங்களுக்கு இருக்கற மாதிரிக் கட்டின்னா பெரும்பாலும் ரேடியேஷன் தேவைப்படாது. வேணும்னா சதையை வெச்சோ சிலிக்கானை வெச்சோ புதுசா அமைச்சுக்கலாம், வேண்டாம்னா விட்டுடலாம். எதுல போனாலும் அக்குள்ல ரெண்டு மூணு நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிச்சுப் பாப்போம். எதுல போனாலும் மாத்திரை உண்டு."

"எதுல போனா நான் பொழைப்பேன்?"

"ரெண்டுலயும் ஒரே மாதிரிதான்."

"அது எப்படி? முழுசா எடுத்தா நோயும் முழுசாப் போயிடும்ல?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்காப் பின்தொடர்ந்து பாத்திருக்காங்க. மார்பை எடுத்துட்டாங்கன்னு யாருக்கும் ஆயுசு கூடிடல. வெச்சுக்கிட்டா அதே இடத்துல மறுபடி வர்ற வாய்ப்பு கொஞ்சம் இருக்கு, அதைக் குறைக்கத்தான் ரேடியேஷன்."

"அப்போ எதுக்கு ரெண்டு வழி வெச்சிருக்கீங்க?"

"ஆளுங்க ரெண்டு மாதிரி இருக்காங்களே, அதுக்குத்தான்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பார்க்கிங்கில் கணவனின் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் ஒரு பழைய பிரிட்ஜின் கதவு ஆடிக்கொண்டிருந்தது. சாவியைத் துவாரத்தில் நுழைத்தவன் திருப்பவே இல்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"என்னைக் கேக்காத."

"உங்களைக் கேக்காம வேற யாரைக் கேப்பேன்?"

"நான் எதைச் சொன்னாலும் அது பயத்துல சொன்னதாத்தான் இருக்கும்" என்றான். "வெச்சுக்கோன்னா, எனக்காகச் சொல்ற மாதிரி இருக்கும். எடுத்துடுன்னா, உன்னை வெட்டச் சொல்ற மாதிரி இருக்கும். எனக்கு நீ வேணும். அவ்வளவுதான் தெரியுது." சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினான். அதற்குப் பிறகு நாலைந்து நாளைக்கு அவன் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. வீட்டில் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அது அங்கே இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அவன் பேசாத பேச்சை மற்றவர்கள் பேசினார்கள். டிப்போவில் ஆளாளுக்கு ஒரு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். டைம்கீப்பர் தன் மச்சினிக்கு முழுசாக எடுத்துவிட்டதால்தான் பிழைத்தாள் என்றார். டயர் மாற்றுகிறவர், கத்தி பட்டால் பரவிவிடும், தொடவே கூடாது என்றார். மேல்வீட்டு டீச்சர் ஏதோ ஒரு மூலிகைச் சாற்றின் பெயரைச் சொன்னாள். வேறு ஊரில் கணக்கர் வேலை பார்க்கும் மகள் தினமும் இரண்டு தடவை போன் செய்து, ஒவ்வொரு தடவையும் இணையத்தில் படித்த ஏதாவது ஒன்றைச் சொல்லி, "பயப்படாதம்மா" என்று முடித்தாள். சொல்லும்போதே அவள் குரல் நடுங்கியது.

டாக்டரிடம் போனில் கேட்டு இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொண்டாள் நிதானம். கத்தி பட்டால் பரவாது. மூலிகைச் சாறு கட்டியைக் கரைக்காது. அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களைத்தான் நோய் முற்றிய பிறகு பார்க்க வேண்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் எந்த வழி என்பதை அவர் சொல்லித் தரவில்லை. அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நாத்தனாரின் கடைக்குப் போனாள்.

நாத்தனார் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பவர் பார்ப்பது, லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேம் மாட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். மேலே ஒரு அறையில் தனியாக இருந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி வந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. கடைக்கு வெளியே 'சிறிது காலம் விடுமுறை' என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்ச் சிகிச்சையை ஆரம்பித்தாள். தலைமுடி கொட்டிய பிறகுதான் அண்ணனுக்கே விஷயம் தெரிந்தது. பார்க்கப் போனவர்களை, "என்ன வேடிக்கையா?" என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டாள். அதிலிருந்து போக்குவரத்து குறைந்துபோய், நல்லது கெட்டதுக்கு ஒரு போன் என்ற அளவில் நின்றது. நிதானத்துக்கு அதில் மனஸ்தாபம் உண்டு. ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்க மாட்டேனா என்ற வருத்தம்.

கடைக்குள் நுழைந்தபோது நாத்தனார் ஒரு கிழவருக்கு மூக்கு மேல் ஃபிரேமைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணன் போன் பண்ணுச்சு" என்றாள். "உக்காருங்க அண்ணி. இவரை அனுப்பிட்டு வர்றேன்."

கிழவர் போனதும் கதவில் 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பிவிட்டு, கண் பரிசோதிக்கும் உள்ளறைக்கு அழைத்துப்போனாள். இருட்டறை. எதிர்ச்சுவரில் எழுத்துகள் வரிசை வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே போயின. நாத்தனார் விளக்கைப் போட்டாள்.

"என்ன கேக்கணும்?"

"எனக்கே தெரியலடி" என்றாள் நிதானம். "எடுக்கறதா, வெச்சுக்கறதா? உன்னை மாதிரி எடுத்துடறேன்னுதான் டாக்டர்கிட்ட சொன்னேன்."

"என்னை மாதிரின்னா? என்னை நீங்க பாத்தீங்களா?"

"நீதான் காட்டலையே."

 நாத்தனார் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். நெஞ்சின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அக்குளிலிருந்து நடுநெஞ்சு வரைக்கும் ஒரு வெளுத்த கோடு. அவ்வளவுதான். நிதானம் என்னவோ பயங்கரத்தை எதிர்பார்த்திருந்தாள். இருந்தது ஒரு தோல், ஒரு தழும்பு.

"தொட்டுப் பாக்கணுமா? பாருங்க, வலிக்காது. கொஞ்சம் மரத்துப்போயிருக்கும்."

நிதானம் விரல் நுனியால் தொட்டாள். சூடாக இருந்தது.

"எனக்குக் கட்டி பெருசு அண்ணி. எலுமிச்சம்பழம் அளவு. அக்குளுக்கும் போயிடுச்சு. வேற வகை வேற. முதல்ல கீமோ குடுத்துச் சுருக்கி, அப்புறம் எடுத்து, அப்புறம் ரேடியேஷன். எனக்கு ரெண்டு வழின்னு யாரும் சொல்லல. இருந்தது ஒரே வழி, போனேன், வந்தேன். உங்களுக்கு ரெண்டு இருக்குன்னா, இருக்கற வழியை எதுக்கு நீங்களே அடைக்கறீங்க?"

"பயமா இருக்கே. வெச்சுக்கிட்டா தினமும் அதையே நினைச்சுக்கிட்டிருக்க மாட்டேனா?"

"எடுத்துட்டு நானும் தினமும் நினைச்சேன். ரெண்டு மூணு வருஷம் நினைச்சேன். அந்தப் பயம் மார்புலயா இருக்கு, எடுத்தா போறதுக்கு?" நாத்தனார் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "என்னைப் பாத்து எடுக்காதீங்க. என்னைப் பாத்து எடுக்காமலும் இருக்காதீங்க. உங்க வேலையை யோசிங்க, உங்க உடம்பை யோசிங்க. அண்ணனைக்கூடக் கடைசியா யோசிங்க."

"அது பாவம், வாயே திறக்க மாட்டேங்குது."

"வாயைத் திறக்காம இருக்கா? அப்போ இந்த நோய்ல ஒரு நல்லது நடந்திருக்கு" என்றாள் நாத்தனார். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தபோதே நிதானத்துக்கு அழுகை வந்தது. நாத்தனார் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னிக்கு எங்களை எதுக்குடி வாசலோட அனுப்பினே?"

"எல்லாரும் உச்சுக்கொட்டுவீங்கன்னு. நான் அப்போ அழாம இருக்கறதையே ஒரு வேலையாச் செஞ்சுக்கிட்டிருந்தேன். நீங்க வந்து கையைப் பிடிச்சிருந்தா என் வேலை கெட்டிருக்கும்."

மார்பை வைத்துக்கொள்வது என்று நிதானம் முடிவெடுத்தாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ரேடியேஷனுக்குத் தினமும் போக வேண்டுமே என்று மற்றவர்கள் மலைப்பது அவளுக்கு மலைப்பாக இல்லை. தினமும் போகிற இடம்தானே. இரண்டும் ஒரே அளவுதான் காப்பாற்றும் என்றால், இருப்பதை இழக்காமல் முயற்சி செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது, இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த உடம்பு தனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் தெரிந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஆபரேஷன் சுருக்கமாக முடிந்தது. காலையில் போனாள், மறுநாள் வீட்டில் இருந்தாள். மார்பின் மேல்பக்கம் ஒரு சின்னத் தையல், அக்குளில் இன்னொன்று. கணவனுக்குக் கொஞ்சம் வாய் திரும்பியது. கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் அவர் வீட்டு பிரிட்ஜ் என்ன கம்பெனி என்று விசாரித்தான்.

ஆனால் சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்ததும் டாக்டர் அவர்களை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மேஜை மேல் காபி இல்லை.

"அக்குள் முடிச்சு சுத்தமா இருக்கு. ரொம்ப நல்ல சேதி" என்று ஆரம்பித்தார். நல்ல சேதியை முதலில் சொல்கிறார்கள் என்றால் பின்னால் வேறு ஒன்று இருக்கிறது என்பது நிதானத்துக்கு இதற்குள் பழகிப்போயிருந்தது. "எடுத்த கட்டியைச் சுத்தி ஓரம் பாத்தோம். ஓரம் சுத்தமா இருக்கணும். உங்களுக்கு மூணு பக்கம் ஓரத்துல, ஆரம்ப நிலைப் புத்துச் செல் இருக்கு. பால் குழாய்க்குள்ளேயே இருக்கற வகை. படத்துல தெரியாம நல்லாவே பரவி இருந்திருக்கு."

"அப்போ மறுபடியும் வெட்டணுமா?"

"ஆமாம்மா. ஒரு ஓரம்னா அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுத்துப் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். மூணு பக்கமும்னா, எடுத்துக்கிட்டே போனா மார்புன்னு சொல்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அப்பவும் சுத்தமாகும்னு உத்தரவாதம் இல்ல. முழுசா எடுக்கறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. ஆனா அவசரம் இல்ல. வேற டாக்டர்கிட்டயும் காட்டிக் கேளுங்க."

கணவனின் முகம் செத்துப்போனது. அவள் பதறவில்லை. எதிர்பார்க்காத ஒரு இடத்தில் சாலை மூடியிருந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று பார்ப்பாளே, அதேபோல டாக்டரைக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். முழுசாக எடுத்தால் ரேடியேஷன் வேண்டுமா? வேண்டியிருக்காது. கீமோ? கட்டியின் குணத்தைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, மெதுவாக வளர்கிற வகை, கீமோவால் பெரிய லாபம் இல்லை, மாத்திரை போதும். புது மார்பு? அதே ஆபரேஷனில் செய்யலாம், பிறகும் செய்யலாம். கை? இதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது.

"ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா?"

"பிடிப்பீங்க. முடிச்சு கொஞ்சம்தான் எடுத்திருக்கோம். பயிற்சி சொல்லித் தருவாங்க. சோம்பேறித்தனம் பண்ணாம செய்யணும்."

"அப்போ புதுசா இப்போ ஒண்ணும் அமைக்க வேண்டாம். ஒரு வேலை முடியட்டும். அப்புறம் மனசு மாறினா வர்றேன்."

வேறொரு டாக்டரிடமும் கேட்டாள். அவரும் அதையேதான் சொன்னார்.

சேதி டிப்போவுக்குப் போனதும் டைம்கீப்பர் அவளைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வாயை அடக்க முடியவில்லை.

"நீ முதல்லயே முழுசா எடுத்துடுங்கன்னு சொன்னியாமே? அப்பவே எடுத்திருந்தா ஒரே வேலையா முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும்" என்றாள் நிதானம்.

"அப்போ வீண் அலைச்சல்தானே?"

அவள் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "இல்லண்ணே. அன்னிக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அன்னிக்கே எடுத்திருந்தா, வெச்சுக்கிட்டிருக்கலாமோ வெச்சுக்கிட்டிருக்கலாமோன்னு சாகற வரைக்கும் மனசு அரிச்சுக்கிட்டே இருந்திருக்கும். இப்போ பாத்தாச்சு. வெச்சுக்க முடியலன்னு தெரிஞ்சுபோச்சு."

டைம்கீப்பருக்குப் புரிந்ததோ இல்லையோ, காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நாத்தனார் ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். கடைக் கதவில் மறுபடியும் விடுமுறைப் பலகை. "யாரும் கூப்பிடல, நானாத்தான் வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். மகளும் லீவு போட்டு வந்தாள். மூன்று பெண்கள் நிறைந்த வீட்டில் கணவன் உட்கார இடமில்லாமல் வேனில் போய் உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளர்களோடு போன் பேசினான்.

ஆபரேஷன் முடிந்து வந்தபோது, விலாவில் ஒரு மெல்லிய குழாயும் அதன் நுனியில் திரவம் சேர ஒரு குப்பியும் தொங்கின. கையைத் தூக்க முடியவில்லை. முதல் சில நாள் நாத்தனார்தான் அவள் தலையைச் சீவிவிட்டாள், குப்பியைக் காலி செய்தாள். பிறகு சுவரைப் பார்த்து நிற்கவைத்து, விரல்களைப் பூச்சி ஊர்கிற மாதிரி மேலே மேலே நகர்த்தச் சொன்னாள்.

"போதும்டி, இழுக்குது."

"இழுக்கட்டும். இழுக்கலைன்னா தோள்பட்டை துருப்பிடிச்சுப் போகும். இன்னும் ஒரு விரல் அளவு. ம்... அவ்வளவுதான். டிரைவரா நீங்க? கண்டக்டர் மாதிரிக்கூடக் கையைத் தூக்க மாட்டேங்கறீங்க!"

சுவரில் இருந்த பழைய நாள்காட்டியின் ஆணிவரைக்கும் விரல் போன அன்றைக்கு நிதானம் ஒரு பெரிய வெற்றி அடைந்தவளைப்போல உட்கார்ந்து டீ குடித்தாள்.

கட்டு முழுசாகப் பிரித்த பிறகு, குளியலறைக்குத் தனியாகத்தான் போனாள். கண்ணாடியில் பார்த்தாள். நாத்தனாருடையதைப் பார்த்திருந்ததால் அதிர்ச்சியாக இல்லை. ஆனாலும் கண் நிறைந்தது. கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். வெளியே வந்தபோது கணவன் துண்டோடு நின்றிருந்தான்.

"பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"நீ காட்டினா பாக்கறேன்."

காட்டினாள். அவன் பார்த்தான். பார்வையைத் திருப்பவில்லை. கை வைக்கலாமா என்று கேட்டான், வைத்தான். எவ்வளவு கழுவினாலும் கிரீஸ் போகாத விரல்கள் அவை. "தையல் ரொம்ப சுத்தமாப் போட்டிருக்காங்க" என்றான். ஒரு மெக்கானிக்கிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. அவள் சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலமே அவன் பழையபடி வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தான், நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு, "வாய் திரும்பி வந்தாச்சா?" என்றாள்.

இது பரம்பரையாக வருகிறதா என்றும் டாக்டரிடம் கேட்டார்கள். அம்மாவுக்கும் வந்திருக்கிறது, அத்தைக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்கிறது என்பதால் நாத்தனாருக்கும் நிதானத்துக்கும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். இருவரிடமும் பரம்பரைக் கோளாறு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் மகள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே பரிசோதனைக்கு வர ஆரம்பிக்கட்டும் என்றார் டாக்டர். மகள் அழுதுகொண்டே தலையாட்டினாள். தனக்கும் வருமா என்பதுதான் இத்தனை நாளாக அவள் கேட்கத் துணியாத கேள்வி என்று தாய்க்கு அப்போதுதான் புரிந்தது.

புண் ஆறியதும் நிதானமும் நாத்தனாரும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஒரு கடைக்குப் போனார்கள். செயற்கை மார்பும் அதை வைத்துக்கொள்ளப் பை தைத்த உள்ளாடையும் விற்கிற கடை. விற்பனைப் பெண் அளவெடுத்து, சிலிக்கானில் செய்த ஒன்றை நிதானத்தின் உள்ளங்கையில் வைத்தாள். குளிர்ச்சியாக, கனமாக, உயிருள்ளது மாதிரி அசைந்தது. நாத்தனார் அதை வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு கனமா இருக்கணுமா?"

"ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் முதுகு வலிக்காது" என்றாள் விற்பனைப் பெண். "நீங்க என்ன வெச்சிருக்கீங்க?"

நாத்தனார் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். எட்டு வருடமாகப் பழைய காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. யாரிடமும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கத் தோள் தாழ்ந்து நடப்பது லென்ஸ் தேய்த்துத் தேய்த்து வந்த பழக்கம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"காலுறையாடி?" என்றாள் நிதானம். "ஊருக்கெல்லாம் பார்வை சரிபண்றே. உனக்குன்னு ஒரு கடைக்குள்ள நுழைய எட்டு வருஷமா?"

"துவைச்ச காலுறைதான் அண்ணி" என்றாள் நாத்தனார். விற்பனைப் பெண்ணும் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இருவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். நாத்தனார் அங்கேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள். தோள் நேராக நின்றது.

டிப்போ டாக்டர் கையை மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று தூக்கச் சொல்லிச் சோதித்துவிட்டு வேலைக்கு அனுமதி கொடுத்தார். முதல் வாரம் பெல்ட் தழும்பில் உரசியது. மடித்த சின்னத் துண்டு ஒன்றை இடையில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். வளைவுகளில் இடது தோள் இழுத்தது. மாதங்கள் போகப் போக இழுப்பு குறைந்தது. அந்தக் கையில் ஊசி குத்தாமலும் காயம் படாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். என்ஜின் மூடியைத் திறக்கும்போது மட்டும் கையுறை போட்டுக்கொண்டாள்.

மாத்திரை வேறு கதை. தினமும் ஒன்று, குறைந்தது ஐந்து வருடம். அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும்; கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றும். கடைசி நிறுத்தத்தில் ஜன்னலை இறக்கி, சட்டைக் காலரைத் தளர்த்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த டிரிப் எடுப்பாள். ஒரு கட்டத்தில் மாத்திரையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. இந்த மாத்திரைதான் திரும்பி வராமல் காவல் காக்கிறது என்றார்; வேர்வையைக் குறைக்க வேறு ஒரு மருந்தும் கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. அதோடு வாழப் பழகிக்கொண்டாள்.

புது மார்பு அமைத்துக்கொள்ள அவள் இன்னும் போகவில்லை. போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வலது மார்பைப் படம் எடுக்கிறார்கள். இதுவரைக்கும் சுத்தமாக இருக்கிறது. படம் எடுத்து முடிவு வருகிற வரைக்கும் அந்த வீட்டில் எல்லோரும் ஒரு சுருதி குறைத்துத்தான் பேசுகிறார்கள். முடிவு வந்ததும் கணவன் தெருவில் போகிறவனையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு பேசுகிறான்.

போன வருடம் ரூட் மாற்றினார்கள். இப்போது அவள் ஓட்டுவது ஆற்றுப்பாலத்தைத் தாண்டிப் புறநகருக்குப் போகும் வண்டி. காலையில் பாலத்தின் மேல் ஏறும்போது ஜன்னல் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். உடம்பின் கொதிப்பெல்லாம் அடங்கிப்போகும். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள். கீழே தண்ணீரில் வெயில் விழுந்து கிடக்கும். பாலத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அவள் அதைவிடவும் கொஞ்சம் குறைத்தே ஓட்டுகிறாள்.